கோட்டிலேயே நில்லு, கீப்பர்

என் மாமியார்தான் எங்கள் அணியின் புதுக் கோச் என்று கிளப் தலைவர் அறிவித்தபோது என் வாயில் ஒரு மடக்குத் தண்ணீர் இருந்தது. அது எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் முதுகில் போய் விழுந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அறையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

தலைவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மனிதருக்கு அப்படியொரு பழக்கம் கிடையாது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "சீசன் முடியற வரைக்கும்தான். யாரும் பதற வேணாம்," என்றார். யாராவது பதற வேண்டாம் என்று சொன்ன பிறகுதானே பதற்றமே ஆரம்பிக்கிறது.

எங்கள் நிலவரம் அப்போது நாறிப்போய்க் கிடந்தது. ஆண்களுக்கான தொழில்முறைக் கால்பந்து லீக்கில் கடைசிக்கு முந்தின இடம். இன்னும் ஒரு படி சரிந்தால் அடுத்த வருடம் கீழ் லீக். பழைய கோச், ஊரே சிரிக்கும்படி தோற்ற ஓர் ஆட்டத்தின் நடுவில், போன் பேசிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். போனவர் போனவர்தான். லீக் விதிப்படி அணிக்கு முதல்தர லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரு கோச் இருந்தே ஆகவேண்டும். மூழ்குகிற கப்பலில் ஏற வெளியிலிருந்து யாரும் வரவில்லை. கிளப்புக்குள் அந்த லைசென்ஸ் வைத்திருந்தது ஒரே ஓர் ஆள். அது அத்தை.

அத்தை எங்கள் கிளப்பின் பெண்கள் அணியைப் பல வருடங்களாக நடத்திவந்தவர். கோப்பையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கோப்பையில் அலுவலகத்துக்காரர்கள் பேனா போட்டு வைத்திருந்தார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஒன்றும் பெண்களை மட்டமாக நினைக்கிறவன் இல்லை. எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், நான் அப்படிப்பட்டவன் இல்லை. பெண்கள் அணிக்குப் பெண் கோச், நல்லது. ஆனால் எருமைக் கூட்டம் மாதிரி இத்தனை ஆண்களை, அதிலும் தோற்று வெறி பிடித்துக் கிடக்கிறவர்களை, ஒரு பெண் எப்படி மேய்ப்பது? சரி, யாரோ ஒரு பெண் என்றால்கூடத் தொலையட்டும். காலையில் எனக்கு எதிரே உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிற பெண்மணியா? மாமனார் போனதிலிருந்து அத்தை எங்களோடுதான் இருக்கிறார். அன்று காலையில்கூட, "மாப்பிள்ளை, குடை எடுத்துக்கிட்டுப் போங்க," என்றார். இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

மனைவிக்கு போன் போட்டேன். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க. டீம்ல மத்தவங்க எப்பக் கேக்கறாங்களோ, அப்பத்தான் நீங்களும் கேக்கணுமாம்."

எனக்குச் சுருக்கென்றது. நான் அந்த அணியின் கேப்டன், ஐயா. ஒன்பது வருடக் கோல்கீப்பர்.

மறுநாள் உடைமாற்றும் அறையில் நடந்ததை இன்றுவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. காதெல்லாம் சூடாகிறது. வாசலில் ஒரு விசில் சத்தம். ஜெர்சிக்காரர் தலையை நீட்டி, "முதல் விசில், எல்லாரும் உடுத்திக்கங்க. ரெண்டாவது விசில், உள்ள வருவாங்க," என்றார். ஜெர்சிக்காரர் என்றால் எங்கள் உடுப்பு, பூட்ஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர். பையன்களுக்குக் குசும்பு. ஒருத்தன்கூட அசையவில்லை. வரட்டும் பார்க்கலாம், ஓடிவிடுவார் என்று துண்டோடும் அரைக்கால் சட்டையோடும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். நான் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தேன். என் உடுப்பு அறையின் அந்தக் கோடியில்.

இரண்டாவது விசில் ஊதியது. அத்தை உள்ளே வந்தார். நேராகப் பலகைக்குப் போனார், கோடு போட்டார், யார் எங்கே நிற்பது, யார் யாரைப் பிடிப்பது என்று சொல்லி முடித்தார். ஒரு வார்த்தை தடுமாறவில்லை, ஒருவனைக்கூட முகத்துக்குக் கீழே பார்க்கவில்லை. கடைசியில் மார்க்கர் பேனாவை மூடிவிட்டு, "குளிர்றவங்க சட்டை போட்டுக்கலாம்," என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். பூமி பிளக்காதா என்று இருந்தது.

"கீப்பர், உனக்குத் தனியாச் சொல்லணுமா? பூட்ஸ் கட்டு."

கீப்பரா? 'உனக்கா'? எட்டு வருடமாக "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை" என்று கேட்டுப் பழகிய காது அப்படியே அடைத்துப்போனது. பின்னால் எவனோ களுக்கென்று சிரித்தான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அதே பெண்மணி, அதே நாற்காலியில் உட்கார்ந்து, "களைப்பா இருக்கீங்க மாப்பிள்ளை, முதல்ல சாப்பிடுங்க," என்கிறார். கிளப்பின் இரும்புக் கேட்டுதான் எல்லை. அதற்கு அந்தப் பக்கம் நான் கீப்பர், இந்தப் பக்கம் மாப்பிள்ளை. அவர் ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை.

ஆளாளுக்குக் கேலி. முடி வெட்டப் போனால் முடிதிருத்துகிறவர், "வீட்லயும் அவங்க, வேலைலயும் அவங்க. எங்க போய்த்தான் அண்ணே மூச்சு விடறீங்க?" என்று கேட்டார். டிவியில் தினமும் விவாதம்: ஆண்கள் அணியை ஒரு பெண்ணால் நடத்த முடியுமா? பேச வந்த நான்கு பேரும் ஆண்கள். அத்தை அதைப் பார்த்தபடி என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பார். ஒரு முறைகூடச் சேனலை மாற்றச் சொன்னதில்லை.

எனக்கு வந்த கோபம் வேறு. நான் பந்தைப் பார்த்தால் பாய்கிற ஆள். எதிரணிக்காரன் பந்தோடு வந்தால் கோல் கோட்டில் நின்றுகொண்டிருக்க எனக்குப் பொறுக்காது, ஓடிப்போய்க் காலில் விழுந்தாவது பிடுங்குவேன். பாதி நேரம் பிடுங்கியிருக்கிறேன். மீதி நேரம் அவன் என்னைத் தாண்டிப்போய்க் காலியான கோலுக்குள் சாவகாசமாகத் தட்டிவிட்டிருக்கிறான். அத்தையும் தன் காலத்தில் கோல்கீப்பர்தான். ஆனால் அவர் கோட்டை விட்டு நகராத ரகம். எல்லாப் பையன்களுக்கும் முன்னால் வீடியோவை நிறுத்திக் காட்டி, "பந்து வர்றதுக்கு முன்னாடியே கிளம்பிடறே. கோட்டுலயே நில்லு, கீப்பர்," என்பார். நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ஆனால் நின்றேன். நின்றதால் கோல் விழுவது குறைந்தது. பையன்களும் முதல் விசிலுக்கே சட்டை போட்டுக்கொள்ளப் பழகினார்கள். அடுத்த ஆட்டம் சமன். அதற்கடுத்தது வெற்றி. அதற்கடுத்ததும் வெற்றி. லீக்கில் யாருக்கும் நம்ப முடியவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றோம். தோற்காமல் இருந்தால் போதும், தப்பித்துவிடுவோம்.

அந்தக் கடைசி ஆட்டத்துக்கு முந்தின வாரம்தான் என் தோள் போனது.

பயிற்சியில் விழுந்தபோது வலது தோளுக்குள் ஏதோ பொளக்கென்றது. யாரிடமும் சொல்லவில்லை. என் ஒப்பந்தம் அந்தச் சீசனோடு முடிகிறது. புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று தலைவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம். காயத்தை மறைத்தால் ஒப்பந்தத்தையே கிழித்துப் போடுவார்கள் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. காயம் என்று சொன்னாலோ, இந்த வயதுக் கீப்பரை எவன் வைத்துக்கொள்வான்? வெளியே ஒரு டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு, கிளப் டாக்டர் முன்னால் சிரித்த முகமாக இரண்டு தண்டால் எடுத்துக் காட்டினேன். அவர் முதுகில் தட்டி அனுப்பினார். உலகத்தையே ஏமாற்றிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் மனைவி, "மேல் தட்டுல இருக்கற பெரிய பாத்திரத்த எடுத்துக் குடுங்க," என்றாள். அந்தத் தட்டு என் நெற்றிக்கு நேரே இருக்கிறது. கையை நீட்டினால் வேலை முடிந்தது. நான் முக்காலியை இழுத்துப் போட்டேன், அதன் மேல் ஏறினேன், பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்து இறக்கிக் கொடுத்தேன். மகள், "அப்பா ஏன் ஸ்டூல் போட்டு ஏர்றாங்க?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அத்தை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

எங்கள் கிளப்பில் யார் ஆடுகிறார்கள் என்று வாயால் சொல்லும் வழக்கம் கிடையாது. ஆட்டத்தன்று ஜெர்சிக்காரர் அவரவர் கொக்கியில் ஜெர்சியை மாட்டி வைப்பார். கொக்கியில் ஜெர்சி தொங்கினால் ஆடுகிறாய். பெஞ்சில் போட்டுக்கொள்கிற குளிர்கோட்டு தொங்கினால் வெளியே உட்காருகிறாய். கேப்டனாகி இத்தனை வருடத்தில் என் கொக்கியில் நான் கோட்டைப் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன்.

முதலில் இது வேறு யாருடைய கொக்கியோ என்று பக்கத்துக் கொக்கிகளை எண்ணினேன். பிறகு ஜெர்சிக்காரரைப் பார்த்தேன். அவர் பூட்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். கீப்பர் ஜெர்சி அறையின் மறுகோடியில், ஏணியின் கொக்கியில் தொங்கியது. ஏணி எங்கள் இரண்டாம் கீப்பர். ஆள் அவ்வளவு உயரம். முழு ஆட்டம் என்று ஒன்று அதுவரை ஆடியதில்லை. அவன் ஜெர்சியைத் தொடக்கூட இல்லாமல், பேயறைந்த மாதிரி அதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நடைபாதையில் அத்தையை மறித்தேன்.

"என்ன நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? நான் கேப்டன்! இந்த டீம்ல எவன்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க! ஊரெல்லாம் என்ன சொல்லும்? சொந்த மாப்பிள்ளைய..."

"முக்காலி," என்றார் அத்தை.

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது.

"ஆறடிக்கு மேல வளர்ந்த ஆளு, கைக்கு எட்டற பாத்திரத்த எடுக்க முக்காலி போடறான். பாப்பாவையும் ஒரு வாரமா இடது கையாலதான் தூக்கறே." குரலை இன்னும் தாழ்த்தினார். "டாக்டருக்கு நான் சொல்லல. சொன்னா உன் ஒப்பந்தம் போயிடும். ஆட்டம் முடியட்டும், நீயாப் போய்ச் சொல்லு. அதுவரைக்கும் என் வாயிலேர்ந்து வராது. ஆனா அந்தக் கோலுக்குள்ள நீ நிக்க மாட்டே."

"யாராவது ஏன்னு கேட்டா?"

"என் முடிவுன்னு சொல்வேன். நான்தான கோச்?"

கேட்கத்தான் கேட்டார்கள். டிவிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள், "என் முடிவு," என்றார். தலைவரே உடைமாற்றும் அறைக்கு வெளியே வந்து குதித்தார். "மேடம், வீட்ல ஏதாவது சண்டைன்னா அத வீட்லயே வெச்சுக்கங்க! இது என் கிளப்பு!" அத்தை, "என் முடிவு," என்றார். நான் நான்கு அடி தள்ளி, கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்திருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். திறக்கவில்லை. தலைவர் என் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தடவல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஆட்டம் தொடங்கியதுமே ஏணியின் கால்கள் நடுங்குவது பெஞ்சில் இருந்த எனக்குத் தெரிந்தது. கைக்கு வந்த பந்தை நழுவவிட்டான், முதல் கோல் விழுந்தது. எங்கள் ரசிகர்களே, எங்கள் ஜெர்சி நிறத்தைப் போட்டுக்கொண்டு வந்த ஆட்களே, எழுந்து நின்று அத்தையைப் பார்த்துக் கத்தினார்கள். "போய்ச் சமையல் பண்ணு!" என்றது பரவாயில்லை ரகம். மற்றதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. அத்தை மைதானத்து ஓரத்தில் கைகட்டி நின்றார். அவர் கழுத்தின் பின்பக்கம் மட்டும் சிவந்துபோயிருந்தது. நான் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு கோல் அடித்துச் சமன் செய்தோம். கடைசி நிமிடங்களில் எதிரணிக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தான். பந்து வலதுபக்க மேல் மூலைக்குப் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், அது கோல் என்று நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது ஏணி காற்றில் இருந்தான். வலது கை தலைக்கு மேலே முழுசாக நீண்டிருந்தது. விரல் நுனி பந்தைத் தொட்டது. பந்து கம்பத்துக்கு மேலே எகிறிப் போனது.

மைதானமே இடிந்து விழுகிற மாதிரி சத்தம். நான் மட்டும் கோட்டுக்குள் என் வலது கையைத் தூக்கிப் பார்த்தேன். தோள் உயரத்துக்கே வரவில்லை. அந்தப் பந்து என்னைத் தாண்டிப் போயிருக்கும். நாங்கள் கீழே போயிருப்போம்.

ஆட்டம் சமனில் முடிந்தது. தப்பித்தோம். பையன்கள் அத்தையை அலாக்காகத் தூக்கப் போய், எப்படித் தூக்குவது என்று தெரியாமல் தயங்கி, கடைசியில் ஏணியைத் தூக்கினார்கள். அத்தை சிரித்தார். அந்த மைதானத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சின்னப் பெண் மாதிரி இருந்தது.

பிறகு பத்திரிகையாளர் கூட்டம். நீளமான மேசை, அதன்மேல் ஒரு புதர் மாதிரி மைக்குகள். நடுவில் தலைவர், ஒரு பக்கம் அத்தை, மறுபக்கம் கேப்டன் என்ற முறையில் நான். தலைவர் எல்லாருக்கும் நன்றி சொன்னார். அத்தைக்கு ஒரு பூங்கொத்து கொடுத்தார். அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அடுத்த சீசனுக்கான நிரந்தரக் கோச்ச இங்கயே அறிவிக்கறதுல மகிழ்ச்சி. நம்ம கேப்டன்தான்."

என் தோள்மேல் கை விழுந்தது. வலது தோள்மேல். உயிர் போய்த் திரும்பி வந்தது. அது வலியாலா, கேட்ட சேதியாலா என்று எனக்கே தெரியவில்லை.

நான் அத்தையைப் பார்த்தேன். அவருக்கும் அப்போதுதான் தெரிகிறது. பூங்கொத்தைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

பின்வரிசையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரி எழுந்தாள். பென்சிலைச் செருகிக் கொண்டை போட்டிருந்தாள். "இவங்கதான காப்பாத்திக் குடுத்தாங்க? இவங்களுக்கு ஏன் இல்ல?"

தலைவர் பெருமூச்சு விட்டார், என்னவோ அவருக்குத்தான் கஷ்டம் மாதிரி. "மனசு விட்டுச் சொல்றேன். மேடம் உழைப்பாளி. ஆனா இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு எல்லாரும் பாத்தீங்க. இவ்ளோ முக்கியமான ஆட்டத்துல, நல்லா இருக்கற கேப்டன உக்கார வெச்சாங்க. காரணம் கேட்டா பதில் இல்ல. வீட்டுத் தகராறு மைதானத்துக்கு வந்துருச்சு. தப்பிச்சது நம்ம அதிர்ஷ்டம். ஆம்பளைங்க டீம மனசால நடத்த முடியாது, மூளையாலதான் நடத்தணும்."

அத்தை வாயைத் திறக்கவில்லை. அவர் திறந்தால் என் ஒப்பந்தம் போகும். அதனால் பூவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தன் வேலை போகிறது, பேர் போகிறது, அத்தனை கேமராவுக்கும் முன்னால். அப்போதும் கோட்டிலேயே நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான்தான் பாய்கிற ஆளாயிற்றே.

எழுந்துவிட்டேன். "வீட்டுத் தகராறும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! என் தோள் போச்சு! ஒரு வாரமா மறைச்சு வெச்சிருந்தேன். டாக்டருக்கே தெரியாது. இவங்க ஒருத்தர்தான் கண்டுபிடிச்சாங்க. இங்க பாருங்க!" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினேன். மார்பு உயரத்தில் கை நடுங்கிக்கொண்டு நின்றது. அதற்குமேல் போகவில்லை. கேமராக்கள் பளிச் பளிச்சென்றன. "நான் ஆடியிருந்தா அந்தக் கடைசிப் பந்து உள்ள போயிருக்கும். நாம கீழ போயிருப்போம்!"

சாதித்துவிட்டேன் என்று நினைத்தேன். அத்தையைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

தலைவர் அவர் பக்கம் திரும்பினார். குரலில் தேன். "அப்படியா மேடம்? காயம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"கிளப்புக்குச் சொன்னீங்களா? டாக்டருக்கு?"

"இல்ல."

"மாப்பிள்ளைங்கறதால மறைச்சீங்க." தலைவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு மைக்குகளைப் பார்த்தார். "நான் சொன்னேன்ல? இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல."

காப்பாற்றப் போய், என் வாயாலேயே அவரைக் குழியில் தள்ளிவிட்டேன். கோலைக் காலியாக விட்டுவிட்டு ஓடிவந்திருந்தேன். அந்த மனிதர் சாவகாசமாகத் தட்டிவிட்டார்.

பென்சில் கொண்டைக்காரி விடவில்லை. "போன கோச், அடிபட்ட முழங்காலோட ஒருத்தர ஆடவே வெச்சாரு. அது வெளிய தெரிஞ்சப்ப, 'பசங்களுக்கு அப்பா மாதிரி இருக்காரு'ன்னு நீங்கதான பேட்டி குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"கூட்டம் முடிஞ்சுது," என்றார் தலைவர்.

காரில் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வெயில் சாயும் நேரம். அத்தை சாப்பாட்டு மேசையில் தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். பூங்கொத்து இன்னும் கையில் இருந்தது. என் மனைவி அதை வாங்கி வைக்கப் போனாள், கொடுக்கவில்லை. நான் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அத்தை, நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்."

"இல்ல மாப்பிள்ளை." கையிலிருந்த பூவைப் பார்த்தபடி மேலே சொன்னார். "ஜெயிச்சாப் போதும்னு நெனச்சுட்டேன். அவங்களுக்கு என்னால முடியுமான்னு சந்தேகம், செஞ்சு காட்டிட்டா தீர்ந்துடும்னு நெனச்சேன். இத்தன வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் அழுதுவிட்டேன். ஆறடி ஆள், வெட்கமில்லாமல் அழுதேன். மகள் வந்து என் இடது பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள்.

போன் அடித்தது. தலைவர். எடுக்க மாட்டேன் என்றேன். "எடுங்க மாப்பிள்ளை. என்னதான் சொல்றாருன்னு கேப்போம்," என்றார் அத்தை. ஸ்பீக்கரில் போட்டேன். எங்கள் நாலு பேருக்கும் நடுவில் போன் மேசைமேல் கிடந்தது.

"தம்பி, கோவமா இருப்பீங்க. தெரியும்," என்றார் தலைவர். "காயத்த மறைச்சதெல்லாம் நான் பாத்துக்கறேன். கோச்சுக்கு எதுக்குத் தோளு? நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க."

"எனக்குக் கோச் வேல தெரியாதுங்க. லைசென்ஸும் கெடையாது."

"லைசென்ஸுக்கு மேடம் பேர் இருக்கட்டும், துணைக் கோச்னு. வேலையா?" சிரித்தார். "அதான் அவங்க வீட்லயே இருக்காங்களே, தம்பி. யார எறக்கணும், யார உக்கார வெக்கணும்னு சாப்பிடும்போது கேட்டுக்கங்க. அவங்க அளவுக்கு இந்த லீக்லயே எவனுக்குத் தெரியும்? ஏணிய எறக்குனாங்க பாருங்க, எனக்கே புல்லரிச்சுப் போச்சு. வெளியில மட்டும் நீங்க நில்லுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

என் மனைவியின் கை தானாக வாய்க்குப் போனது. இப்படியும் ஒரு மனிதனால் பேச முடியுமா? சிரித்துக்கொண்டே, உதவி செய்கிற தோரணையில்?

அத்தை மெதுவாக நிமிர்ந்தார். என் முகத்தையும் மனைவி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் அதிர்ந்துபோய் நான் பார்த்ததே இல்லை. கிளப்பில் கேட்ட வசவுக்கு அசையாதவர், மேடையில் வேலை போனபோது அசையாதவர், இப்போது உதடு நடுங்க உட்கார்ந்திருந்தார்.

"அப்போ அவனுக்குச் சந்தேகமே இல்ல," என்றார். "என்னால முடியும்னு அவனுக்கு முன்னாடியே தெரியும்."

"ஹலோ? தம்பி? யாரு பேசறது?" என்றது போன்.

நான் வாயைத் திறந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆளைப் போனோடு சேர்த்துக் கடித்துத் துப்பியிருப்பேன். அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினார். போனை அணைத்தார். பூங்கொத்தை மேசைமேல் போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"அந்தப் பென்சில் கொண்டை போட்ட பொண்ணு, பத்திரிகைக்காரி. அவ நம்பர் உன்கிட்ட இருக்கா, கீப்பர்?"

அது எங்கள் வீடு. இரும்புக் கேட்டுக்கு இந்தப் பக்கம். நான் தரையிலிருந்து எழுந்தேன்.

"இருக்கு, கோச்."

"போடு," என்றார். "நீ கோட்டுலயே நில்லு. இந்தத் தடவ நான் வெளிய வர்றேன்."

நான் நம்பரைத் தேட ஆரம்பித்தேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அழுத்திவிட்டேன்.